கயிற்றின் இடது முனை

தவமணி ஐந்து மணிக்கு வருவாள். இப்போது இரண்டு இருபது. கரண்ட் இல்லை, இருந்தாலும் இது மிஷினில் தைக்கிற வேலை இல்லை. ஜன்னல் திரையை ஒரு சாண் மட்டும் விலக்கி, அந்த ஒரு சாண் வெளிச்சம் மடியில் விழும்படி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் எங்கள் தெரு கிடக்கிறது. மாவு மூட்டைத் துணியில் தைத்த தெரு. இரண்டு முழ நீளம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். மூன்று பெண்கள் ஐந்து மாதமாகக் கைமாற்றிக் கைமாற்றித் தைத்தது. வலது மூலையில் இருக்கும் மாரியம்மன் கோயில் எதிர் மாடி வீட்டு டோ நுவே தைத்தது. டோ என்பது இந்த ஊரில் மூத்த பெண்களுக்குப் போடும் மரியாதை. அவள் பர்மாக்காரி, கோபுரத்தைத் தைக்கச் சொன்னால் பகோடாவுக்கு வைக்கிற மாதிரி உச்சியில் ஒரு குடை வைத்துவிட்டாள். இது எங்கள் கோயில் மாதிரியே இல்லையே என்றதற்கு, "உங்க அம்மா மழையில நனையாது இல்ல? நல்லது" என்று தன் தமிழில் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் சிரித்தோம், தவமணிகூட. நாளைக் காலையில் இந்தத் தெரு ஒரு குழந்தை மெத்தை விரிப்புக்கு உள்ளே போய், நாலு பக்கமும் தையல் போட்டு மூடி, எல்லைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிடும். அங்கே யாரோ பிரித்து எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். தெரியாத ஊரில் தெரியாத மனிதர்கள் வந்து நின்று பார்ப்பார்கள். மிச்சம் இருக்கிறது ஓரம் மடித்துத் தைப்பது மட்டும்தான். அப்படித்தான் தவமணியிடம் சொன்னேன். ஆனால் என் கையில் இருப்பது ஊசி இல்லை. பாதி பிளேடு.

இடது மூலையில் விளக்குக் கம்பம். கம்பத்தின் அடியில் தவமணியின் மகன் சேது. நீலக் கட்டம் போட்ட அவனுடைய சட்டையிலிருந்தே அவனை வெட்டினோம். தானே வெட்ட வேண்டும் என்றாள் தவமணி, கத்தரியைக் கையில் வாங்கி, சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "நீயே வெட்டுக்கா" என்று கொடுத்துவிட்டாள். இருபத்தொன்பது வயது ஆளை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டினேன். வலது கை மேலே தூக்கியிருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள், அப்படியே வைத்தேன். தெருவுக்குள் வருகிற ராணுவத்துக்காரர்கள் ஆறு பேர். அவர்களுக்குப் பச்சைத் துணி வேண்டியிருந்தது, எங்களிடம் இருந்த ஒரே பச்சை டோ நுவேயின் பேத்தி பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போகிற லுங்கியின் பச்சை. "புள்ளைங்க துணியில அவனுங்களத் தைக்காதே" என்றாள் தவமணி. அதனால் அவர்களுக்குத் துணியே இல்லை. கறுப்பு நூலில் ஓரக்கோடு மட்டும், உள்ளே மாவு மூட்டை தெரிகிறது. இவர்கள் எல்லோருக்கும் மேலே, கம்பத்திலிருந்து எதிர்வீட்டு மாடிக்கம்பி வரைக்கும், கயிறு. கயிற்றில் ஏழு தமெயின்கள். கயிறு என் பங்கு. முதல் மாதமே தைத்துவிட்டேன். தெருவில் யாருக்குமே என்னைப் போல முடிச்சுப் போட வராது என்று என்னிடம் கொடுத்தார்கள். முறுக்கிய கறுப்பு நூல், இறுக்கமாக, நேராக, இரண்டு முனையும் கட்டியிருக்கிறது. நல்ல வேலை. பொய்யான வேலை.

தமெயின் என்பது இங்கே பெண்கள் இடுப்பில் சுற்றுகிற துணி. பெண் இடுப்பில் கட்டிய துணிக்குக் கீழே ஓர் ஆண் நடந்தால் அவனுடைய தேஜஸ் போய்விடும், பலமும் அதிர்ஷ்டமும் சேர்ந்து போய்விடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். துப்பாக்கி வைத்திருப்பவனும் நம்புகிறான், அதுதான் விசேஷம். ராணுவம் ஆட்சியைப் பிடித்த அடுத்த மாதம் ரங்கூனில் தெருவுக்குத் தெரு தமெயின் ஏறியது. லாரி வந்து தெருமுனையில் நிற்கும், மூங்கில் தேடி, ஒருவன் ஏறி, துணியை ஒவ்வொன்றாகத் தள்ளி இறக்குவான். அதற்குள் தேடப்படுகிற பிள்ளைகள் பின்சந்து வழியாகப் போய்விடுவார்கள். எங்கள் தெருவில் கயிறு கட்டியவன் சேது. எலக்ட்ரிக் வேலைக்காரன், கம்பம் ஏறத் தெரிந்தவன், மேலே ஒரு கொக்கி போட்டு அதன் வழியாகக் கயிற்றை விட்டு, மார்பு உயரத்தில் கட்டும்படி செய்தான். முடிச்சு என்னுடையது. உருவு முடிச்சு, ஒரு இழுப்பில் அவிழும். தெருவுக்குள்ளேயே பெரியவர்கள் சிலர் கீழே நடக்க மாட்டேன் என்றார்கள், அவர்களுக்காகக் கயிற்றை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. சேது ஒரே ஒரு சட்டம் போட்டான். "இறக்கினவங்கதான் ஏத்தணும். அவ்வளவுதான். யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது." என்னுடைய பழைய பூப்போட்ட தமெயினைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதை விரித்துப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இதைப் பார்த்தா ஜெனரலே பின்னால திரும்பி ஓடிருவாரு. எதுக்கு மத்த ஆறு?" என்றான். "வாயை மூடிக்கிட்டுக் கட்டுடா" என்றேன். கட்டிவிட்டு இறங்கி, வேண்டுமென்றே அதற்குக் கீழே இப்படியும் அப்படியும் நாலு தடவை நடந்து காட்டினான். "பாத்துக்கங்க, ஒண்ணும் குறையல. எடை மட்டும் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு." என் தையல் மிஷினுக்கு மோட்டார் வைத்துக் கொடுத்தவனும் அவன்தான். பெடலை மிதித்தால் இன்னும் அந்த மோட்டார் அவன் சொன்னபடி கேட்கிறது, நான் அதை மிதிக்கிறதையே விட்டுவிட்டேன், கரண்ட் இல்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஏதோ வண்டி. பிளேடு விரல்களுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டது. நின்று நின்று ஓடுகிற இன்ஜின், பெரியது இல்லை. மடியில் கிடக்கிற தெருவை இரண்டாக மடித்து, அதன் மேல் யானையும் வாத்தும் போட்ட குழந்தை விரிப்பை இழுத்துப் போடுகிறேன். யாராவது கேட்டால், பேரனுக்கு. எனக்குப் பேரன் இல்லை, அது அவர்களுக்குத் தெரியாது, வீட்டு ஆள் கணக்குப் பட்டியலில் என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது, அதைப் பார்த்தால் தெரியும். அப்போது தவமணியின் பேரனுக்கு என்று சொல்ல வேண்டும். தவமணிக்கும் இனிமேல் பேரன் இல்லை. "தண்ணி! தண்ணி!" தண்ணீர் கேன்காரன். டோ நுவே மாடியிலிருந்து அவனிடம் பர்மியில் கத்துகிறாள், போன கேனில் புழு இருந்ததாம், புழுவுக்கும் சேர்த்தா காசு வாங்கினாய் என்கிறாள். அவன் சிரிக்கிறான். வண்டி போகிறது. யானையை எடுத்துவிட்டுத் தெருவை விரிக்கிறேன். மூன்று ஐந்து. பயத்தில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது என்று இப்போது தெரிகிறது. அவர்கள் வந்து இதைப் பிடுங்கிப் போயிருந்தால், இடது முனையைப் பற்றி நான் ஒரு முடிவும் எடுக்க வேண்டியதில்லை. இப்படி நினைக்கிறவளா நான்? இப்படித்தான் நினைக்கிறேன்.

அன்றைக்குப் பங்குனி. தவமணி சேதுவின் பெயருக்குப் பால்குடம் நேர்ந்திருந்தாள். அவன் பெயர் ராணுவம் தேடுகிற பட்டியலில் இருக்கிறது, ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்கிறான், அம்மன்தான் காப்பாற்ற வேண்டும் என்று. வேண்டிக்கொண்ட வாரத்திலேயே அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "நேந்துக்கிட்டது நான், நடக்கறது நீ. கோவிச்சுக்காதேக்கா." கோபம் என்ன, எனக்குச் சந்தோஷம். கூட்டம் கூடக் கூடாது, மேளம் கூடாது, அதனால் நான் ஒருத்தி மட்டும், மஞ்சள் புடவையில், முதல் நாளிலிருந்து பட்டினி, விடிந்து கொஞ்ச நேரத்தில் தவமணியின் பித்தளைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். இருநூறு அடி இருக்குமா? கயிற்றுக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. தலையில் அம்மனுக்குப் போகிற பால். அதற்கு மேலே ஏழு பெண்களின் இடுப்புத் துணி, அதில் ஒன்று என்னுடையது. எப்படிப் போவது? இப்போது யோசித்தால், அம்மனும் ஒரு பெண்தானே, அவளுக்கு அது தெரியாதா, அவள் என்ன ராணுவத்துக்காரனா பயப்பட என்று தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. இடது கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒரு இழுப்பு. கயிறு இறங்கித் தரையில் படுத்தது. துணிகளை மிதிக்காமல் தாண்டிப் போனேன். அதுகூடக் கவனமாகத்தான் செய்தேன்.

திரும்பி வரும்போது குடம் காலி. கயிறு தரையில் கிடந்தது. நான் நின்றேன், நின்றேன் என்பது ஞாபகம் இருக்கிறது. இறக்கினவங்கதான் ஏத்தணும். என் கையில் விபூதி இருந்தது, பால் வாசனை இருந்தது. இந்தக் கையாலேயே உடனே அந்தத் துணிகளைத் தொடுவதா? வீட்டுக்குப் போய் பிரசாதத்தை வைத்துவிட்டு, கை கழுவி, விரதம் முடித்து, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்து கட்டிவிடலாம். ஐந்து நிமிஷம். தெருவில் யாரும் இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. காப்பியைக் கருப்பட்டி போட்டுக் கலந்தேன், இதே நாற்காலியில் உட்கார்ந்தேன், இருபது மணி நேரப் பட்டினிக்குப் பிறகு அந்த முதல் வாய் எவ்வளவு நன்றாக இருந்தது என்பதுதான் என்னால் பொறுக்க முடியாத ஞாபகம். அது நன்றாக இருந்தது. அரை டம்ளர் குடித்திருப்பேன். யாரோ தகரத் தட்டைத் தட்டினார்கள், லாரி வருகிறது என்பதற்கு அடையாளம். லாரி முனையில் நிற்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது நிற்கவில்லை. டம்ளர் கையிலேயே இருந்தது. பிறகு மூன்று வெடி, சின்னது, பட்டாசைவிடச் சின்னது.

கம்பத்தின் அடியில் கிடந்தான். கயிறு அவன் கையில் இருந்தது. பின்சந்து வழியாகப் போக வேண்டியவன் வாசல் வழியாக ஓடி வந்திருக்கிறான். அவன் ஏன் அங்கே வந்தான் என்பதைத் தெரு அன்று சாயங்காலத்துக்குள் சொல்லி முடித்துவிட்டது. அவர்கள் கயிற்றை அறுக்க வந்தார்கள், இவன் தடுக்க ஓடினான், கையைத் தூக்கி நின்றான், சுட்டார்கள், பிறகு அறுத்துப் போட்டார்கள். டோ நுவே மாடி ஜன்னலிலிருந்து பார்த்ததாகச் சத்தியம் செய்தாள், அவர்கள் தமெயினுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு போனார்களாம், ஆறு பேரும். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவளுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது, அப்படித் தெரிய வேண்டியிருந்தது. தவமணி அதைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிடாமல் கிடந்தவள் அந்த ஒரு பேச்சைக் கேட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தாள். "கீழ போனானுங்கல்ல? ஆறு பேரும் போனானுங்கல்ல? அவனுங்க உருப்பட மாட்டானுங்கக்கா. அவனுங்க வம்சம் உருப்படாது." நான் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றேன். எத்தனை ஆமாம். ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி கேட்டாள். துணிக்குப் பொட்டு வைத்த மாதிரிப் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, தலையைத் தூக்காமல், "எம் புள்ள விளையாட்டா அது கீழ நடந்து நடந்து காட்டுனானே, அதனாலதானா இருக்குமோ?" என்றாள். "சீ, என்ன பேச்சு" என்று அதட்டினேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அவனுடைய தேஜஸ் எங்கும் போகவில்லை தவம், அவன் என் முடிச்சைக் கட்டப் போனான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும், எதற்கு அவிழ்த்தாய் என்று. எதற்கு? உன் பால்குடத்துக்கு. உன் மகன் உயிருக்கு நீ நேர்ந்துகொண்டதற்கு. அதை அவள் மடியில் எப்படி இறக்கி வைப்பது? அதனால்தான் சொல்லவில்லை என்று ஐந்து மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அவளுக்காகத்தான், அவளுக்காகத்தான். அது கொஞ்சம் நிஜம். அது கொஞ்சம் நிஜமாக இருப்பதுதான் எனக்கு வசதியாக இருக்கிறது.

மூன்று ஐம்பது. மேஜைக் காலில் ஒரு நாடாவைக் கட்டிப் பார்க்கிறேன். அவிழ்க்க ஒரு இழுப்பு. போடுவதற்கு, என் விரலுக்கு, நாலு எண்ணிக்கை. ஒன்று சுற்று, இரண்டு வளையம், மூன்று நுழை, நாலு இழு. சேதுவுக்கு இந்த முடிச்சு வராது. இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தேன், "எனக்கு இன்சுலேஷன் டேப் போதும் பெரியம்மா" என்று விட்டுவிட்டான். அப்படியானால் கயிற்றை இழுத்து ஏற்றியிருப்பான், கட்டத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருப்பான். அந்தக் கை எதிர்ப்பதற்காகத் தூக்கிய கை இல்லை. பிடித்துக்கொண்டு நின்ற கை. தெரியாத ஊரில் சுவருக்கு முன்னால் நிற்கிறவர்கள் இந்தத் துணியைப் பார்த்து, வீரமான பிள்ளை என்பார்கள். வீரமான பிள்ளைதான். ஆனால் அவன் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது. யாரோ செய்யாமல் விட்ட வேலையை ஒருவன் செய்துகொண்டிருந்தான். நாளைக் காலையில் மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டால் பிறகு அது எனக்குக்கூட மாறிவிடும். டோ நுவேக்கு மாறியது போல. நானும் ஒரு நாள் ஜன்னலில் நின்று பார்த்ததாகச் சத்தியம் செய்வேன்.

பிளேடின் முனையை முடிச்சுக்கு அடியில் கொடுத்தேன். கறுப்பு நூல் டக்கென்று விட்டது. இடது முனையிலிருந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன், துணி கிழியாமல், பொறுமையாக, இரண்டாவது தமெயின் வரைக்கும். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கின்றன, நகத்தால் தேய்த்தும் மூடவில்லை. கயிறு முன்பு எங்கே இருந்தது என்பது பார்த்தாலே தெரியும். இருக்கட்டும். முனையைச் சாய்வாக இறக்கினேன். அது நேராக நீலக் கட்டத்தின் தூக்கிய கைக்கு வந்தது, அளந்து வெட்டிய மாதிரி. நூல் கோத்தேன். கைக்குள் வைத்து நாலு தையல் போட்டேன். நாலுதான். முதல் இரண்டு தமெயினும் கயிற்றோடு தழைந்து சேதுவின் தோள் பக்கம் வந்து நின்றன, பூப்போட்டது முதலில். டீ போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்தேன்.

தவமணி ஐந்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி, குடையை உதறி. "முடிச்சிட்டியாக்கா? நுவே கிழவி பின்னால வரா, அவளுக்குக் கோபுரத்தைத் திரும்பப் பாக்கணுமாம், என்னமோ அவளே கும்பாபிஷேகம் பண்ண மாதிரி." உட்கார்ந்தாள். துணியை மடியில் வாங்கிக்கொண்டாள். எப்போதும் செய்கிற மாதிரி நீலக் கட்டத்தின் மேல் கட்டை விரலை வைத்தாள். விரல் நின்றது.

"கயிறு ஏன் இவன் கையில இருக்கு?"

"அவன் கையிலதான் இருந்துச்சு தவம்."

"அது அவனுங்க அறுத்துப் போட்டப்புறம்."

"அவனுங்க அறுக்கல. நான் அவுத்தேன்."

மழை கொஞ்சம் பலமாகப் பெய்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப?"

"பால் எடுத்துட்டுப் போகையில. தலையில பாலு, மேல தமெயினு. எனக்கு மனசு கேக்கல."

"திரும்பக் கட்டலையா?"

"கட்டல."

"ஏன்?"

"கையில விபூதி இருந்துச்சு. கை கழுவிட்டு, காப்பி குடிச்சிட்டு வந்து கட்டலாம்னு."

"காப்பி குடிச்சியா?"

"அரை டம்ளர்."

அவள் தலையை ஆட்டினாள், யாரோ விலை சொன்னதற்கு ஆட்டுகிற மாதிரி. மாடிப்படியில் டோ நுவேயின் செருப்புச் சத்தம் கேட்டது. தவமணி துணியை எடுத்து என் மடியில் திரும்ப வைத்தாள். வீசவில்லை. நாலு மூலையும் விரித்து ஒழுங்காக வைத்தாள்.

"அப்ப கீழ நடந்ததால இல்ல."

"இல்ல."

"அவனுங்களும் கீழ போகல."

"போகல."

எழுந்தாள். எழுந்திருக்கக் கை கொடுக்கப் போனேன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள்.

"குடத்தையும் வச்சுத் தை. என் குடம்தானே அது."

அக்கா என்று சொல்லவில்லை. கதவைத் திறந்து போனாள். வெளியே டோ நுவே பர்மியில் ஏதோ கேட்டாள், தவமணி பதில் சொன்னது காதில் விழவில்லை. இரண்டு ஜோடிச் செருப்பும் சேர்ந்து படி இறங்கின.

ஐந்தே கால். வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். பெட்டியிலிருந்து மஞ்சள் புடவையை எடுத்தேன், அன்றைக்குக் கழற்றிப் போட்டதோடு சரி, பால் சிந்திய இடம் விறைத்திருந்தது. அந்த இடத்திலேயே கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு குடம் வெட்டினேன். கோயிலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் தெருவில் வைத்துப் பார்த்தேன். தரையில் வைத்தால் பால்குடம் மாதிரி இல்லை, தண்ணீர்க் குடம் மாதிரி இருக்கிறது. பால்குடம் என்றால் அதற்குக் கீழே ஒரு தலை வேண்டும். யார் தலை என்று அவள் சொல்லிவிட்டுப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் மஞ்சள் துணியை மடித்து, கத்தரியை எடுத்தேன்.